எழுதி அனுப்பவும்

போன மாதம் மொபைல் கடையில் நான் சத்தம் போட்டது உங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது. எனக்குத் தெரியும். பெரியவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். சின்னவன் ஆட்டோவில் போய் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும், "ஒரு போனுக்கு ஏம்பா இவ்ளோ டென்ஷன்?" என்று பெரியவள் கேட்டாள். கோபம் வந்தால் எனக்குக் கத்த வரும், பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன். எங்கெல்லாம் ர, ற மாறியிருக்கிறதோ அதையெல்லாம் உங்கள் அம்மா திருத்திவிட்டுத்தான் இதை உங்களிடம் கொடுப்பாள்.

கடையில் நடந்தது இதுதான். அம்மா தனக்கு வேண்டியதைத் தன் பழைய போனில் எழுதி, விற்கிற ஆள் முன்னால் நீட்டினாள். 'செய்தி வந்தால் நன்றாக அதிர வேண்டும். தமிழ் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும்.' ரெண்டே வரி. அந்த ஆள் அதை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "மேடத்துக்கு எந்த மாதிரி பாக்கறீங்க சார்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஒரு போனை எடுத்து, "இது லேட்டஸ்ட் மாடல் சார். டைப்பே பண்ண வேணாம். வாயால சொன்னா போதும், அதுவே எழுதிக்கும்" என்றார்.

அம்மாவின் கை நீட்டினபடியே இருந்தது. போனும் எழுதின ரெண்டு வரியும் அப்படியே அந்தரத்தில் நின்றன. அந்தக் கையைப் பார்த்துத்தான் கத்தினேன். நீங்கள் அதை ஒரு தடவைதான் பார்த்தீர்கள். நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன்.

எனக்கு நடு ஆள் என்றாலே ஆகாது. எங்கள் ஊர் கூரத்தில் உங்கள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். நிலத்துக்காரர் அவரிடம் நேராகப் பேச மாட்டார். தாத்தா பத்தடி தள்ளி நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் இருக்கிற கங்காணியைப் பார்த்து, "நாளைக்கு வரச் சொல்லு அவனை" என்பார் நிலத்துக்காரர். தாத்தாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் கங்காணி திரும்பி, "நாளைக்கு வரணுமாம்" என்று இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் தலையாட்ட வேண்டும். சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளர்ந்து ஆட்டோ வாங்கினேன். பெரிய காஞ்சிபுரத்துக்குக் குடி வந்தேன். கடைசியில் என் வீட்டிலேயே நான் ஒரு நடு ஆள் ஆனேன். அந்தக் கதைதான் இது.

அம்மா மாகறலில் பிறந்தவள். பிறவியிலேயே காது கேட்காது. கேட்காத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். பிறகு தறி வேலை கற்றுக்கொண்டாள். எனக்குக் கழுத்து நீட்டியபோதே அவள் கை வேலைக்குக் கடையில் தனி மதிப்பு இருந்தது. ஆனால் பட்டுக் கடை மேனேஜர் வீட்டுக்கு வந்தால் தறியில் இருக்கிறவளைத் தாண்டி வந்து என்னிடம்தான் பேசுவார். "பொடவை முந்தி கொஞ்சம் நெருக்கமா நெய்யச் சொல்லுப்பா." அவள் எங்கள் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் போன பிறகு நான் கையால் சொல்வேன். எட்டு வார்த்தையில் நாலைத்தான் சொல்வேன். மீதி எனக்கே மறந்திருக்கும்.

அப்போதுதான் இதே போன் கம்பெனியின் முதல் மாடல் வந்தது. எனக்கும் அவளுக்குமாக ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். கறுப்பு போன், செங்கல் மாதிரி கனம். நம்பர் பட்டனுக்குக் கீழேயே தமிழ் எழுத்து அச்சடித்திருந்தார்கள். ஒரு பட்டனுக்குள் நாலைந்து எழுத்து. ஒரு 'பெ' போடுவதற்குள் எனக்கு ஒரு சவாரி போய்விடும். அம்மா ஒரே வாரத்தில் பட்டனைப் பார்க்காமலே அடிக்க ஆரம்பித்தாள். இழை எண்ணிப் பழகின விரல்.

அதில் இன்னொன்றும் இருந்தது. செய்தி வந்தால் அது அதிர்கிற அதிர்வு. அவள் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருப்பாள். போனையும் அதே பலகையில் வைத்திருப்பாள். செய்தி வந்தால் பலகையே உறுமும். தறி ஓடும்போது அந்தப் பலகை ஏற்கெனவே ஆடுமே, எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். தறி ஆடினால் காலுக்கு இறங்குமாம், போன் ஆடினால் முதுகுக்கு ஏறுமாம். அப்படிக் கையால் காட்டினாள்.

மேனேஜரும் அந்த மாடல்தான் வைத்திருந்தார். அவளுக்கு நேராக அனுப்பின முதல் செய்தி, 'நாளை கடைக்கு வரவும்.' அதை அவள் எனக்கு நாலு தடவை காட்டினாள். எனக்குப் புரியவில்லை. "நாளைக்குப் போ, அதுக்கென்ன?" என்று கையாட்டினேன். அவள் செய்தியின் மேலே இருந்த மேனேஜர் பேரையும், பிறகு தன்னையும் விரலால் தொட்டுக் காட்டினாள். அப்போதுதான் உறைத்தது. வெளி ஆள் ஒருத்தர் அவளையே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

என்னை அவள் கிண்டல் செய்ததும் அந்த போனில்தான். ஒரு நாள் அவளுக்கு ஜுரம் என்று, 'மறந்து வாங்கி வரவா?' என்று கேட்டிருந்தேன். 'எதை மறந்து?' என்று பதில் வந்தது. நமக்கு மருந்தும் மறந்தும் வாயில் ஒரே மாதிரிதான் உருளும். நாம் வாயால் எழுதுகிறவர்கள். அவளுக்கு எழுத்துதான் வார்த்தை. ர வேறு உருவம், ற வேறு உருவம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம். அவள் பிழையாக எழுதி நான் பார்த்ததே இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு வருஷம் நன்றாக ஓடியது. அப்புறம் அதே கம்பெனி அடுத்த மாடலைக் கொண்டு வந்தது. இப்போது எழுத்துக்கு ஒரு பட்டன், ரெண்டு கட்டை விரலாலும் அடிக்கலாம். ஊரே ஆசைப்பட்டது. ஆனால் அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து. தமிழைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒருவர், இந்த எழுத்து இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாம் என்று சொல்லியிருப்பார். கூட இருந்தவர்கள் தலையாட்டியிருப்பார்கள். அந்த மேசை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஆட்டோவை அங்கேயே விட்டிருப்பேன்.

மேனேஜர் புது மாடல் வாங்கினார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுத ஆரம்பித்தார். எல்லாரும் அப்படித்தானே ஆரம்பித்தோம். 'naalai vaanga' என்று வந்தால் நாம் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறோம், நாளை வாங்க என்று கேட்டுவிடுகிறது. அவளுக்கு எதைச் சொல்லி எதைக் கேட்பது? அது இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. வெறும் எறும்பு வரிசை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "சார், அவளுக்குத் தமிழ்லயே அனுப்புங்க சார்."

"தமிழ்லதானப்பா அனுப்பிக்கினு இருக்கேன்?"

"எழுத்து இங்கிலீஷா இருக்குது சார்."

"எழுத்துல இன்னாபா இருக்குது, படிச்சா தமிழ்தானே வருது?" என்று சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரு தடவை திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் அனுப்பினதை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தன் பழைய போனில் அடித்து எனக்கு அனுப்புவாள். நான் எங்கே இருந்தாலும் அதைத் தமிழாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். 'karai irukku. vandhu eduthudu ma' என்று வந்தது. புடவையின் ஓரத்துக்குக் கரை என்று பேர், உங்களுக்குத் தெரியும். அடுத்த புடவையின் கரைக்கு வேண்டிய பாவு நூல் தயாராக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்று அர்த்தம். எனக்குச் சரியாகத்தான் புரிந்தது. பின்னால் ஒருத்தர், "வண்டிய எடுப்பா, செருப்பு வாங்கறதுக்குள்ள கடைய மூடிருவான்" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அவசரமாக அடித்து அனுப்பினேன். 'கறை இருக்கிறது. வந்து எடுத்துவிடு.'

கறை. வல்லின ற.

அதற்கு முந்தின நாள்தான் அவள் ஒரு புடவையை முடித்துக் கொடுத்திருந்தாள். தறியில் உட்காரும் முன் ரெண்டு தடவை கை கழுவுகிறவள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் துணி கட்டிக்கொண்டு நெய்கிறவள். அவள் புடவையில் கறை என்றால்? தறியிலிருந்து அப்படியே எழுந்து, ஒரு வெள்ளைத் துணியும், எண்ணெய்க் கறையை உறிஞ்சுவதற்கு முகப் பவுடர் டப்பாவும் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்திருக்கிறாள். கூட்டம் இருந்த நேரம். அலமாரியில் தன் புடவையை அவளே அடையாளம் கண்டு எடுத்து, ஜமக்காளத்தில் விரித்து, முழங்காலில் உட்கார்ந்து, கஜம் கஜமாகக் கறையைத் தேடியிருக்கிறாள்.

"இன்னாமா, பொடவைக்கு மேக்கப்பா?" என்றாராம் கடை ஆள் ஒருத்தர். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். புடவை எடுக்க வந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்காது. திறந்த வாய்கள் தெரியும்.

கடையிலிருந்து கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பவுடர் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். மேனேஜர் என் தோளில் கை போட்டு, "நான் ஒண்ணு சொன்னா உன் சம்சாரம் ஒண்ணு புரிஞ்சிக்குது. இனிமே உனக்கே அனுப்பிடறேன்பா, வம்பே வேணாம்" என்றார். அவள் மேல் தப்பில்லை, நான்தான் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பதாவது படித்தவனுக்கு ர, ற தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கம். சரி சார் என்று தலையாட்டினேன்.

மற்ற வீட்டில் சண்டை என்றால் சத்தம். நம் வீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். மூடிவிட்டால் நான் கையால் என்ன சொன்னாலும் அவளுக்குப் போய்ச் சேராது. மூன்று நாள் நான் எதிரே போய் நின்றபோதெல்லாம் மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து கடைச் செய்தி எல்லாம் என் போனுக்கு வந்தது. கங்காணி வேலை எனக்கு நிரந்தரமானது.

மூன்றாவது மாடலில் பாதி கண்ணாடி, பாதி பட்டன். அம்மா விட்டுவிடவில்லை. பழைய கறுப்பு போனிலிருந்து மேனேஜருக்குத் தமிழிலேயே கேள்வி கேட்டு அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். அவர் மூன்றாவது மாடலுக்கு மாறினதும் என்னைக் கூப்பிட்டார். "இன்னாபா, உன் சம்சாரம் கட்டம் கட்டமா அனுப்புது? தாயம் ஆடலாமா?" என்று போனைக் காட்டினார். அவள் எழுதின எழுத்து ஒன்றுகூட இல்லை. வரிசையாகக் காலிக் கட்டங்கள். அவள் பிழையில்லாமல் எழுதின அத்தனை வரியும் அந்தப் பக்கம் போனதும் பெட்டி பெட்டியாகிவிட்டது.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். டை கட்டின ஒருத்தர் வந்து, "இந்த மாடல்ல தமிழ் சப்போர்ட் ஆகாது சார்" என்றார்.

"மொதல் மாடல்ல பட்டன்லயே இருந்துச்சே?"

"அது பழசு சார். இது அதைவிட அட்வான்ஸ்."

"அட்வான்ஸ்னா முன்னாடி போறதுதானே? இருந்தது எப்படிப்பா இல்லாம போவும்?"

"கேமரா சூப்பரா இருக்கும் சார்" என்றார்.

அங்கேயும் கத்தினேன். அப்போது நீங்கள் கூட இல்லை, அதனால் யாருக்கும் வெட்கமில்லை.

நாலாவது மாடலில் பட்டனே இல்லை, முழுக்கக் கண்ணாடி. நியாயமாகச் சொல்ல வேண்டும், அதில் தமிழ் திரும்பி வந்தது. அழகான எழுத்து, அம்மாவுக்கும் ஒன்று வாங்கினேன். அதிர்வுதான் பூனை மூச்சு மாதிரி ஆகிவிட்டது, பலகைக்கு எட்டவே இல்லை. அம்மா ஒரு எவர்சில்வர் தட்டைப் பலகையில் கவிழ்த்து அதன் மேல் போனை வைத்தாள். தட்டு நடுங்கினால் பலகைக்குத் தெரியும். மேனேஜரும் அதே மாடலுக்கு மாறியிருந்தார். இனிமேல் கட்டம் கிடையாது. பல வருஷத்துக்குப் பிறகு அவருக்கு அவள் எழுதினாள். 'ஐயா, இனி எனக்கே எழுதலாம்.'

தட்டு நடுங்கியது. பதில் வந்திருந்தது. ஒரு சின்ன முக்கோணம், பக்கத்தில் மேலும் கீழுமாகக் கோடுகள். அமுக்கினால் குரல் வரும்.

காது கேட்காதவளுக்குக் குரலில் பதில் அனுப்பியிருந்தார்.

பெரியவளே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது. நீ அந்த முக்கோணத்தை அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டு, "மாமா ஏதோ பச்சைன்னு சொல்றாரு" என்று கையால் அம்மாவுக்குச் சொன்னாய். அம்மா உன் கையிலிருந்து போனை வாங்கினாள். உன்னை முத்தமிட்டாள். அதற்குப் பிறகு உன்னிடம் கொடுக்கவே இல்லை. வீட்டில் இரண்டாவது நடு ஆள் உருவாகக் கூடாது என்று நினைத்தாள். அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அன்று அவள் அடித்து அனுப்பினது, 'எழுதி அனுப்பவும்.' அடுத்த முக்கோணத்துக்கும் அதேதான். அதற்கடுத்ததற்கும் அதேதான். கோபமும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. பாடப்புத்தகத் தமிழ்.

ஒரு நாள் மேனேஜர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி உள்ளே வந்தார். தறியில் இருந்த புடவையைப் பார்த்ததும் முகம் மாறியது. "கரை கலர் மாத்தச் சொல்லி வாய்ஸ் போட்டேனே, பாதிப் பொடவை ஓடிக்கினு இருக்குது. சொல்லுப்பா அவங்ககிட்ட" என்று என்னைப் பார்த்தார். எப்போதும் போல என் கை தானாக மேலே வந்தது.

அம்மா குழியிலிருந்து எழுந்தாள். தட்டின் மேலிருந்த போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் பக்கம் முக்கோணம், முக்கோணம், முக்கோணம். அவள் பக்கம் ஒவ்வொன்றுக்கும் கீழே 'எழுதி அனுப்பவும்.' விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள், அது முடியவே இல்லை. கடைசியில் என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அகலமாகத் திறந்திருந்தாள்.

தூக்கின கையைக் கீழே போட்டேன். "நான் சொல்ல மாட்டேன் சார். உங்க எதுருலதான் நிக்கிறாங்க, நீங்களே எழுதுங்க" என்றேன். அப்புறம் அந்தப் பழைய விஷயத்தையும் சொன்னேன். "அன்னிக்கு கடையில கறைன்னு தப்பா எழுதினது நான் சார். அவங்க மேல தப்பில்ல."

அவர் போனை எடுத்து ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, வியர்த்துப்போய் அடித்தார். தட்டு இல்லாமலே அவள் கையில் இருந்த போன் நடுங்கியது. 'கறை நிறம் மாற்ற வேண்டும்.'

அவள் படித்தாள். அவர் போனைக் கை நீட்டி வாங்கினாள். ற-வுக்குப் பதில் ர போட்டு அந்த வரியை மறுபடி அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நானும் அதே கேஸ்தான்" என்று அவளைப் பார்த்தே சொன்னார். அதற்குப் பிறகு அவர் எழுதுகிறார். பாதிப் பிழையோடு, அவளுக்கே.

இப்போது ஐந்தாவது மாடல். வாயால் சொன்னால் எழுதுமாம். யாருடைய வாய்? வாங்க வந்தவளுக்கு வாய்ப் பேச்சு வராது. அதைக்கூடக் கவனிக்காமல் அந்த ஆள் என்னிடம் விற்றுக்கொண்டிருந்தார். அதனால் கத்தினேன். நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீட்டியிருந்த போனைத் திருப்பி அதில் ஏதோ அடித்து என்னிடம் காட்டினாள். 'கொஞ்சம் நகருங்கள். நீங்கள் மறைக்கிறீர்கள். அவருக்கு என்னைத் தெரியவில்லை.'

திரும்பிப் பார்த்தேன். நிஜம்தான். கத்துகிற வேகத்தில் அவளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் போய் நின்றிருந்தேன்.

நகர்ந்தேன். அவள் அந்த ரெண்டு வரியை மறுபடி நீட்டினாள். அந்த ஆள் இந்தத் தடவை முழுக்கப் படித்தார். ஒவ்வொரு போனாக மேசை மேல் வைத்து அதிர விட்டார். அவள் உள்ளங்கையைப் பக்கத்தில் பரப்பி வைத்து, இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். ஏழெட்டு ஆன பிறகு ஒன்றுக்கு மட்டும் புருவத்தை உயர்த்தினாள். லேட்டஸ்ட் இல்லை, அதற்கு முந்தினது. ஏன் இது என்று அவர் அவளையே கேட்டார், அவள் போனில், தமிழில் அடித்து. முதுகுக்கு ஏறுகிறது என்று அவள் எழுதினபோது அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இந்தத் தாள்களை நேற்று அவளிடம் திருத்தக் கொடுத்தேன். ர, ற பதினாலு இடத்தில் மாற்றியிருக்கிறாள். கடைசியில் நான், 'இனிமேல் எங்கே போனாலும் உங்கள் அம்மாவுக்காக நான் சண்டை போடுவேன்' என்று முடித்திருந்தேன். அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறாள்.